கரும்பலகையிலிருந்து கைத்தொலைபேசி வரை: சப்ரகமுவத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்

மலையகக் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நுவரெலியாவையும் பதுளையையுமே மையமாகக் கொள்வர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ சில வரிகளுடன் நின்றுவிடுகின்றது. இங்கு தோட்டத் தமிழர் செறிந்து வாழவில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும், பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலும் சிதறி வாழ்கின்றனர். பாடசாலைகளும் அவ்வாறே. புதிய கருவியொன்றைப் பயில முனையும் ஆசிரியர் தம் ஐயத்தைக் கேட்டறியத் தமிழ்மொழிமூல ஆசிரியர் இன்னொருவர் அருகே இல்லாத நிலை இச்சிதறலின் விளைவாகும்.

1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியைத் தோட்டத்துரையின் பொறுப்பாக்கியது. லயத்தோடு ஒட்டிய ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை: இவையே பல தோட்டங்களிற் பாடசாலை. ஒரே பலகையைப் பிரித்துப் பல வகுப்புகளுக்கு ஒருங்கே கற்பித்தமையும் ஒரு தொழில்நுட்பத் திறனே. அதனை அவருக்கு எவரும் பயிற்றுவிக்கவில்லை. 1945 இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இலேயே. 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது மின்சாரம் எட்டாத லயங்கள் ஏராளம். நாட்டின் பிற பாடசாலைகள் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசிய காலத்தில் இவை கூரைக்கும் தளபாடத்துக்கும் காத்திருந்தன. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடனின் சீடா நிறுவனமும், பின்னர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு உதவிய ஜேர்மனிய அரசும் கட்டடத்திலும் ஆசிரியர் பயிற்சியிலும் அக்குறையை ஓரளவு நீக்கின.

2009 ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமுரிய ஆண்டெனப் பிரகடனப்படுத்தப்பட்டது. கணினி அறைகள் பெருமளவில் உயர்தர வகுப்புள்ள பாடசாலைகளையே நாடின. தோட்டத்துச் சிறு பாடசாலை அவ்வரிசையிற் பின்னே நின்றது.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிலைமை தலைகீழானது. கணினி அறை பூட்டிய கட்டடத்துள் இருந்தது. மாணவர் லயத்தில் இருந்தனர். இடையில் இருந்ததோ ஆசிரியர் தம் பணத்தில் வாங்கிய கைத்தொலைபேசி. வாட்ஸ்அப் குழுவும் சூம் வகுப்பும் அந்த ஆண்டிலேயே பலருக்கு அறிமுகமாயின. வினாத்தாள்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள், அதே கோப்பு மாணவரின் தொலைபேசியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றக் கண்டு திகைத்தனர். அதற்குக் கண்ட தீர்வு எளியது: தாளிற் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்புதல். கரும்பலகையே வேறு வழியிற் சென்றது எனலாம்.

குடும்பத்துக்கு ஒரு தொலைபேசியே இருந்த இடங்களில் அது தந்தையுடன் வெளியூர் வேலைக்குச் சென்றுவிடும். அது வீடு திரும்பும் இரவிலேயே வகுப்பு நிகழ வேண்டியிருந்தது. பத்தாந்தர மாணவிக்குக் கிடைத்தால் ஆறாந்தரத் தம்பிக்கு இல்லை. அலைவரிசை கிட்டாத சரிவுகளுக்கு அச்சிட்ட பயிற்சித்தாள்களே சென்றன. இத்துன்பம் தமிழ்த் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. ஊவாவின் போஹிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்து மாணவர் குன்றேறியும் மரமேறியும் இணையத்தைத் தேடியது 2021 இல் உலகச் செய்தியாயிற்று. ஆயினும் கிராமத்தவர் தம் காணியில் நிற்கின்றனர். லயத்தவருக்கு அறைகூடச் சொந்தமன்று என்ற வேறுபாட்டை மறத்தலாகாது.

2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. தரவுக் கட்டணத்தையும் தம் ஊதியத்திலிருந்தே செலுத்தி வந்தவர்களின் மனக்குறை அப்போராட்டத்துக்கு வலுச்சேர்த்தது. ஒக்டோபரில் வகுப்பறைகள் மீண்டும் திறந்தன. 2022 மார்ச்சில் நாட்டில் அச்சுத்தாளுக்கும் தட்டுப்பாடு. அம்மாத இறுதியில் மின்வெட்டோ நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம். தொலைபேசிக்கு மின்னேற்றவும் வழியில்லை, பயிற்சித்தாள் அச்சிடவும் வழியில்லை. கைக்கெட்டியது வெண்கட்டி ஒன்றே.