சீரியல் கில்லரும் வயற்காட்டுப் பொம்மையும்

நார்ச்சத்து உள்ள கொலைகாரன் யார்? சீரியல் கில்லர்.

பாலில் போட்டுச் சாப்பிடும் காலைத் தானியத்துக்கான சொல்லும் தொடர்கொலையில் வரும் 'தொடர்' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் எழுத்தால் வேறு, ஒலியால் ஒன்று. (தமிழில் எழுதினால் எழுத்தும் ஒன்றாகிவிடுகிறது, ராத்திரி டிவி சீரியலும் கூடவே ஒட்டிக்கொள்கிறது.) இந்தக் கடியைப் போட்டது ஜேப் என்ற கணினி நிரல். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கிம் பின்ஸ்டெட்டும் கிரேம் ரிச்சியும் 1994-இல் அதை அறிமுகப்படுத்தினார்கள்.

ஜேப் கையில் இருந்தவை ஓர் அகராதி, ஒலியொத்த சொற்கள், சில விதிகள். பழகிய தொடர் ஒன்றை எடு, அதில் ஒரு சொல்லை ஒலியொத்த சொல்லால் மாற்று, இரண்டின் குணத்தையும் கலந்து கேள்வியாக்கு. செம்மொழி, பிரிமொழி என்று சிலேடையை வகுத்த தண்டியலங்காரம் படித்தவருக்கு இது பழகிய வேலைதான். விளைச்சலில் பதர் ஏராளம். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, சும்மா கேள்வி பதிலுக்கும் ஜேப்பின் கடிக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

சாட்ஜிபிடி நேர் எதிர். விதி எதையும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உலகத்து எழுத்தையெல்லாம் விழுங்கியது. 2023-இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் சோஃபி யென்ட்ஷும் கிறிஸ்டியான் கெர்ஸ்டிங்கும் அதனிடமிருந்து 1008 நகைச்சுவைகளைக் கேட்டு வாங்கினார்கள். 90 சதவீதத்துக்கு மேல் அதே 25 துணுக்குகள்! வயற்காட்டுப் பொம்மைக்கு ஏன் விருது கிடைத்தது என்பது அவற்றில் ஒன்று. வயலுக்கும் துறைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். 'தன் துறையில் தனித்து நின்றதால்' என்பது பதில். நல்ல கடிதான், ஆனால் பாட்டன் காலத்தது. அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல்லைத் தேடும் இயந்திரம் தேய்ந்த தடத்தில்தான் நடக்கும். மேலும் அது அப்போது பார்த்தது எழுத்துத் துண்டுகளை, காது கிடையாது. ஜேப்புக்கும் காது இல்லை, ஆனால் எது எதுபோல் ஒலிக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

விளக்கச் சொன்னால் சாட்ஜிபிடி அழகாக விளக்கும். சிரிப்பே இல்லாத வாக்கியத்தைக் கொடுத்தபோதும் ஒரு காரணத்தை ஜோடித்துச் சொன்னதாம். ஜேப்புக்கு அந்த வாய் கிடையாது. எந்தச் சொல்லை எங்கே மாற்றியது என்ற கணக்கு மட்டும் இருக்கும். என் ஓட்டு ஜேப்புக்கே. மட்டமான கடியானாலும் அது சொந்தமாகப் போட்டது.

அந்த வழியில் வந்ததுதான் ஸ்டாண்ட்அப் என்ற மென்பொருள். மூளை முடக்குவாதத்தால் பேச முடியாமல், கருவி வழியே பேசும் ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்காகச் செய்தார்கள். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவந்த கருவியில் ஓர் அறுவையைத் தட்டிவிட்டு, எதிரே இருப்பவர் தலையில் அடித்துக்கொள்கிறாரா என்று அந்தப் பிள்ளை பார்க்கலாம்.