மலிந்த கேமராவும் மறைந்த சுருளும்

ஒரு சுருளில் முப்பத்தாறு படந்தான் என்ற கணக்கு நம்முள் பலருக்கு நினைவிருக்கும். டில்லியிலும் நாகபுரியிலும் பிலாயிலும் குடியேறிய நாம், குழந்தையின் ஆண்டு நிறைவைப் படமெடுத்து ஊரிலுள்ள பாட்டனாருக்கு அனுப்புவதென்றால், இரண்டு படத்துக்கு மேல் செலவழிக்க மனம் இசையமாட்டோம். மிஞ்சியவை தீபாவளி வரையில் கேமராவுக்குள்ளேயே காத்திருக்கும். கேமரா ஒருமுறை வாங்கிய பொருள்; சுருளோ ஒவ்வொரு முறையும் காசு கேட்டது. நம் சிக்கனத்துக்குப் பின்னே நெடுநாளைய வியாபார நுட்பம் ஒன்று இருந்தது.

அதை வகுத்தவர் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-ல் அவர் விற்ற முதல் கோடக் கேமராவின் விலை 25 டாலர். நூறு படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். 10 டாலர் பெற்றுக்கொண்டு, படங்களைக் கழுவி, புதுச் சுருளிட்டுத் திருப்பித் தருவார்கள். 1900-ல் வந்த பிரவுனி கேமராவுக்கு விலை ஒரே டாலர். ஆறு படச் சுருளுக்கு 15 சென்ட். கிணற்றை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, தேய்ந்து தேய்ந்து அறும் கயிற்றை ஆயுள் முழுதும் விற்பது போன்றதன்றோ இது!

அந்தக் கயிற்றுக்கு முடிவு கட்டும் கருவியைச் செய்தவரும் அதே கம்பெனியின் பொறியாளர்தான். 1975-ல் ஸ்டீவன் சாசன் சுருளில்லாக் கேமரா ஒன்றை அமைத்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படம் ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. (‘டிஜிட்டல்’ என்பதற்கு ‘எண்ணியல்’, ‘இலக்கமுறை’ என்றெல்லாம் சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நாமும் கடைக்குப் போனால் ‘டிஜிட்டல் கேமரா’ என்றுதான் கேட்கிறோம்.) சுருளில் லாபம் கொழித்த கம்பெனி அதைக் கடைக்குக் கொண்டுவர அவசரப்படவில்லை. 1991-ல் நிக்கான் கேமராவோடு இணைத்து அது விற்ற டிஜிட்டல் கருவியின் விலை 20,000 டாலரை ஒட்டியிருந்தது. பத்திரிகை நிலையங்களே அதை எண்ணிப் பார்க்க முடிந்தது.

விலையை உடைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். கணக்கிடும் கருவியும் கைக்கடிகாரமும் செய்துவந்த காசியோ, 1995-ல் முதுகில் சிறு திரையுடைய கேமராவை 65,000 யென்னுக்கு வெளியிட்டது. கால்குலேட்டர் சந்தையின் விலைப் போரில் தேர்ந்த கம்பெனி அது. காப்பாற்றவேண்டிய சுருள் வியாபாரமும் அதற்கில்லை. சோனி, பானசோனிக் முதலிய மின்னணுக் கம்பெனிகளின் நிலையும் அதுவே. கேமராவைத் தவிர விற்க வேறொன்றும் இல்லாதபோது லாபம் முழுவதையும் கேமராவே சுமக்கவேண்டியதாயிற்று. போட்டியோ அந்த விலையையே தின்றது. ஓராண்டில் பழசாகிவிடும் சரக்கை எவர் தேக்கிவைப்பார்? 1999-ல் நிக்கான் டி1 கேமரா 6,50,000 யென். 2003-ல் கானன் தன் 300டி கேமராவை, லென்ஸ் நீங்கலாக, 899 டாலருக்குக் கொடுத்தது. மறு ஆண்டே நிக்கான் 999 டாலரில் டி70 கொண்டுவந்தது.

நமக்கு இங்கே சுவையாகப் படுவது வேறொன்று. கயிறு முற்றிலும் அறுந்துவிடவில்லை, லென்ஸாக உருமாறிற்று. கானன் லென்ஸ் நான்கு வைத்திருப்பவர் நிக்கானுக்கு எளிதில் தாவமாட்டார். பழைய கேமராக் கம்பெனிகளில் இவ்விரண்டும் நிலைத்ததற்கு இது முக்கிய காரணம் என்பது நம் எண்ணம். ஆயினும் லென்ஸ் இருந்தும் கோனிகா மினோல்டா 2006-ல் சோனியிடம் ஒப்படைத்துவிட்டு விலகியது. மலிவுக் கேமராவில் முனைந்து இறங்கிய கோடக், 2005-ல் அமெரிக்க விற்பனையில் முதலிடம் பெற்றும், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரிற்று. பிறகு கைப்பேசி வந்தது. ஜப்பானியக் கேமராத் தொழிற் சங்கத்தின் கணக்கில் 2010-ல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2020-ல் ஒரு கோடிக்கும் கீழே வந்தன.

நம் உதகமண்டலத்திலும் ஒரு சுருள் ஆலை இருந்தது. 1960-ல் மைய அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்று சந்திரன் பெயரிட்டுச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் விற்றது. 1990-களிலேயே நலிவுற்ற அந்த ஆலை, சுருள் கேட்பாரற்றுப் போனபின் எழவில்லை.