காட்டு ஈஸ்டின் கதை

இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி நிற்பதை நாம் அறிவோம். அதனைப் புளிக்கச் செய்ய எவரும் தனியாக எதையும் இடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் அவ்வேலையைச் செய்து முடிக்கின்றன.

ஐரோப்பிய இல்லங்களில் வாற்கோதுமையிலிருந்து பீர் வடித்தவர்களும் நெடுங்காலம் இத்தகைய உதவியையே நம்பியிருந்தனர். காற்றிலும் கலங்களிலும் இருந்த ஈஸ்ட் தானே புகுந்தது. அன்றேல், நாம் பாலுக்கு உறையிடுவதுபோல, பழைய பீரின் நுரையைப் புதியதில் இட்டனர். 1516-இல் பவேரிய நாட்டுச் சட்டம் பீருக்கு உரிய பொருள்களாக வாற்கோதுமை, ஹாப் பூ, நீர் ஆகிய மூன்றையே கூறிற்று. உண்மையில் உழைத்த நான்காவது பொருளுக்கு அதில் இடமில்லை!

1680-இல் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தம் உருப்பெருக்கியில் ஈஸ்டின் உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று உணர்ந்தாரில்லை. 1837-இல் பிரான்சில் கஞார் தெ லா தூரும் ஜெர்மனியில் ஷ்வானும் அவை உயிர்களே என்றனர். புகழ்மிக்க வேதியியலார் லீபிக் அதனை எள்ளி நகையாடினார். 1857 முதல் பாஸ்டர் நடத்திய சோதனைகளே ஐயத்தை அகற்றின.

1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சென் என்பவர், பீரைக் கெடுப்பது அதனுள் கலந்துவிடும் காட்டு ஈஸ்ட் எனக் கண்டார். நல்ல ஈஸ்டின் ஒரே ஒரு செல்லைப் பிரித்தெடுத்துத் தூய வளர்ப்பை உண்டாக்கினார். ஆலையின் தலைவர் யாகொப்சென் அச்செல்வத்தைத் தமக்கென மறைத்து வைக்காமல், ஏனையோருக்கும் விலையின்றி வழங்கினார். அதனால் எண்ணற்றோர் இழப்பினின்று தப்பினர். காட்டு ஈஸ்டோ பகை எனப் பெயர் பெற்றது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. தூய ஈஸ்டை மட்டும் இட்டபோது, நெடுநாள் வைத்துப் பருகும் ஆங்கில பீரில் பழைய மணம் தோன்றவில்லை. கார்ல்ஸ்பர்க் ஆலையைச் சேர்ந்த கிளாவுசென், அம்மணத்தைத் தருவது மெல்லத் தொழிற்படும் வேறொரு காட்டு ஈஸ்டே என்று 1904-இல் அறிவித்தார். பிரிட்டானியப் பூஞ்சை எனப் பொருள்படும் ‘பிரெட்டனோமைசீஸ்’ என்ற பெயரையும் சூட்டினார். பிரஸ்ஸல்ஸ் நகரப் பக்கத்தில், குளிர்மாத இரவில் கொதித்த சாற்றை அகன்ற ஆழமற்ற தொட்டியில் ஆறவிட்டு, காற்றின் நுண்ணுயிர்களை வரவேற்பர். பின்னர் மரப்பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைப்பர். ‘லாம்பிக்’ என்னும் அந்த பீரிலும் அவ்வகை ஈஸ்டை 1921-இல் கண்டனர்.

திராட்சை மதுவில் அதே ஈஸ்ட் புகுந்தால் இன்றும் பலர் அதனைக் குற்றம் என்றே கருதுவர். ஹான்சென் கூறியதும் பொய்யன்று. கிளாவுசென் கூறியதும் பொய்யன்று. ஓர் உயிர் நன்மை செய்வதும் தீமை செய்வதும் அது சேரும் கலத்தைப் பொறுத்தது. தீர்ப்புக் கூறுமுன் கலத்தையும் நோக்குக என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.