படியேறும் பயிற்சி: மேடையின் உயரம்

படியேறும் பயிற்சி என்பது மேடை ஒன்றில் ஒரு காலை முழுமையாக ஊன்றி, உடலை மேலே தூக்கி, பிறகு நிதானமாக இறங்கும் உடற்பயிற்சி. ஜிம்களில் இதை ‘ஸ்டெப்-அப்’ என்பார்கள். தொடை, பிட்டத் தசைகளை வலுவாக்குவதோடு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை தருகிறது. பயிற்சியின் கடுமையும் முழங்காலில் ஏறும் சுமையும் பெரும்பாலும் மேடையின் உயரத்தைப் பொறுத்தவை.

வரலாறு

1943இல் லூசியன் புரூகா வெளியிட்ட ஹார்வர்டு படிச் சோதனையில், ஆண்கள் 20 அங்குல மேடையில் நிமிடத்துக்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்கினர். பொதுமக்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. சோதனையில் உயரம் 12 அங்குலமாகவும் நேரம் 3 நிமிடமாகவும் குறைந்தன. 1980களின் இறுதியில் ஜின் மில்லர் பரப்பிய ஸ்டெப் ஏரோபிக்ஸில் 10, 15, 20 செ.மீ. என மாற்றி அமைக்கத்தக்க பலகைகள் வழக்கத்துக்கு வந்தன.

உயரத்தின் விளைவு

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரப்படி, நிமிடத்துக்கு 24 முறை 15 செ.மீ. மேடையில் ஏறி இறங்குபவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 17 மி.லி. ஆக்சிஜன் தேவை. மேடை 30 செ.மீ. ஆனால் இது 25 மி.லி.யைத் தாண்டுகிறது. முழங்கால் மடங்க மடங்க, முட்டிச்சில்லு தொடையெலும்பின் மீது அழுந்துவதும் கூடுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

பாதத்தை மேடையில் வைக்கும்போது முழங்கால் 90 பாகைக்கு மேல் மடங்கக் கூடாது. இடுப்பைவிட முட்டி உயர்ந்து நின்றால் மேடை அளவுக்கு மீறியது. புதிதாகத் தொடங்குவோருக்கும் முதியோருக்கும் 10 முதல் 15 செ.மீ. போதும். இந்தியத் தேசியக் கட்டட விதி குடியிருப்புப் படிகளுக்கு அனுமதிக்கும் அதிகபட்ச உயரம் 19 செ.மீ. ஆகவே கைப்பிடியுள்ள வீட்டுப் படியே பலருக்கும் ஏற்ற மேடை.

உயரம் கூடுதல் என்பதைக் காட்டும் அறிகுறிகள் நான்கு: தரையிலுள்ள கால் உந்தித் தள்ளுவது, முட்டி உள்பக்கம் சாய்வது, இடுப்பு ஒரு பக்கம் தொங்குவது, இறங்கும்போது பாதம் ‘தொப்’பென்று விழுவது. ஒவ்வொரு காலுக்கும் 10 முதல் 12 முறை இவை எதுவுமின்றிச் செய்ய முடிந்த பிறகே 5 செ.மீ. கூட்டலாம்.

திருமலைப் பாதை

திருச்சானூரில் பத்மாவதித் தாயாரைச் சேவித்துவிட்டு திருமலைக்கு நடந்து ஏறுவோருக்கு இப்பயிற்சி நேரடியாக உதவும். மலையேறும் நடைபாதைகளில், அலிபிரிப் பாதையில் சுமார் 3,550 படிகளும், ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் சுமார் 2,400 படிகளும் உள்ளன. அலிபிரிப் பாதையின் பிற்பகுதியில் வரும் செங்குத்தான மோகாள்ள மெட்டைத் தமிழ் யாத்திரிகர்கள் ‘முழங்கால் முறிச்சான்’ என்பார்கள். கால்கள் சோர்ந்த நிலையில் அந்த ஏற்றம் வருவதால், ஒருசில முறை மட்டுமே ஏறக்கூடிய உயரமான பெட்டியைவிட, சாதாரணப் படி உயரத்தில் நெடுநேரம் சீராக ஏறிப் பழகுவதே அதற்குத் தக்க ஆயத்தம். நடந்தே இறங்குவோர் மெதுவாக இறங்குவதையும் பழக வேண்டும். தொடைத் தசை மறுநாள் வலிப்பது பெரும்பாலும் இறக்கத்தால்தான்.

மூட்டுத் தேய்மானம், இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே இப்பயிற்சியைத் தொடங்க வேண்டும். முட்டியில் வலி வந்தால் உயரத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தும் வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.