ஒரே குழியில் ஏழு மரம்

போன வெள்ளிக்கிழமை பெண்ணின் பள்ளிக்கூடத்தில் மரம் நடும் நாள். மெல்பர்ன் குளிரில் கை கால் எல்லாம் சேறாக வந்து நின்றவள் கேட்டாள்: "உங்க ஸ்கூல்லயும் மரம் நட்டீங்களாப்பா?"

நட்டோமே! ஏழு வருஷம் நட்டோம். ஒரே குழியில் :-)

நான் படித்தது போர்ட் பிளேரில். (2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். என் நாக்குக்கு இன்னும் பழகவில்லை.) அப்பா அரசாங்க வேலைக்காகச் சென்னையில் கப்பலேறியவர். எண்பதுகளில், ஜூலை பிறந்தால் எங்களுக்கு வனமகோத்சவம். 1950ல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கி வைத்தது. பெரிய மனிதர் ஒருவர் வருவார், கன்று நடுவார், கைதட்டுவோம், லட்டு கிடைக்கும். ஜனவரியில் மழை நிற்கும். ஏப்ரலில் காய்ந்த குச்சி. அடுத்த ஜூலையில் அதே குழி, புதுக் கன்று, புது லட்டு.

அந்தமானில் மரத்துக்கா பஞ்சம் என்பீர்கள். கொஞ்சம் பின்னால் போவோம்.

1858ல் ஆங்கிலேயர் கைதிகளை இறக்கி, காட்டை வெட்ட வைத்துத்தான் அந்த ஊரே உண்டானது. 1883ல் சாத்தம் தீவில் மர ஆலை வந்தது. படாக் மரம் கப்பல் கப்பலாகப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு, குடியேறிய நம்மவர்களுக்காகவும் காடு அழிந்தது. கட்டடம் கட்டக் கடற்கரை மணலை அள்ளினோம். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கும் கடிவாளம் போட்டது.

வருஷத்துக்குச் சுமார் 3000 மி.மீ. மழை பெய்யும் ஊர். ஆனால் மேட்டு நிலம், பெய்ததெல்லாம் கடலுக்கு ஓடிவிடும். கோடையில் அம்மா குடத்தோடு வரிசையில் நின்றது கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. நிலநடுக்கத்தில் நிக்கோபாரின் தென்கோடி இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. வட அந்தமானிலோ கரை மேலே எழும்பியது. அலையாத்திக் காடுகள் அங்கே உப்புநீரில் மூழ்கிச் செத்தன, இங்கே தண்ணீர் எட்டாமல் செத்தன. எந்த மரம், எந்த இடம், எவ்வளவு நீர் என்று தெரியாமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

2001ல் மத்திய அரசு தேசியப் பசுமைப் படையைத் தொடங்கி, பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் அமைத்தது. கல்பவிருக்ஷ் அமைப்பு அந்தமான் ஆசிரியர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதியது. பிள்ளைகள் தங்கள் தீவின் பவளப்பாறையையும் காட்டையும் வைத்தே படிக்கட்டும் என்பதுதான் நோக்கம். நல்ல வேலைதான்.

எங்களுக்கு அதற்கு முன்பே அது கிடைத்தது. எட்டாவது வருஷம் ஒரு அறிவியல் டீச்சர் வந்தார். விழா முடிந்த மறுநாள், கடல் பக்க வேலியோரம் பூவரசும் புன்னையும் நட வைத்தார். உப்புக்காற்றைத் தாங்குகிற மரங்கள். இரண்டு பேருக்கு ஒரு கன்று. மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீர் வாளியில் சேரும், அது கன்றுக்கு. மாசம் ஒருமுறை கயிற்றால் உயரம் அளந்து நோட்டில் எழுத வேண்டும். கோடை லீவில் யார் எந்த வாரம் என்று பட்டியலே போட்டார். முனகிக்கொண்டுதான் போனோம்!

2011ல் ஊருக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். என் பூவரசு நின்றது. மாற்றி மாற்றி நட்ட அந்தக் குழி இருந்த இடத்தில் சிமெண்ட் தரை.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் கேட்டேன்: "இங்கே ஜனவரிதான் கொளுத்துற வெயில். உங்க ஸ்கூலும் மூடியிருக்கும். யாரும்மா தண்ணி ஊத்துவா?"

முழித்தாள். திங்கட்கிழமை டீச்சரிடம் கேட்கிறாளாம்.

உங்கள் பிள்ளைகள் பள்ளியிலும் மரம் நட்டால், போட்டோ எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இந்த ஒரு கேள்வியையும் கேட்டு வையுங்கள்.