'லி' சேர்த்தால் வினையடையா? ஆங்கிலப் பிழை திருத்தலில் நம்மவர் தடுமாறும் இடம்

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், வேலைக்கு விண்ணப்பிக்க எழுதிய ஆங்கிலக் கடிதத்தைப் பிழை பார்த்துத் தரும்படி ஒருநாள் கொண்டுவந்தார். முன்னைய வேலையிடத்தில் மூன்று வருடங்கள் கடுமையாக உழைத்ததாகச் சொல்ல நினைத்து, 'ஐ ஹார்ட்லி வேர்க்ட்' என்று எழுதியிருந்தார். வேலை செய்ததே இல்லை எனலாம் என்பதுதான் அதன் பொருள். நல்லவேளை, கடிதம் தபாலில் சேர்ந்திருக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. பெயரடையோடு 'லி' சேர்த்தால் வினையடை என்றுதான் எங்களுக்கும் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். 'ஸ்லோ', 'ஸ்லோலி' என்ற அளவில் அது சரி. ஆனால் 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்ற சொற்கள் பெயரடையாகவும் வினையடையாகவும் மாறாமலே நிற்கும். பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் இறுதியில் ஒரு உயிரொலியைச் சேர்த்து வினையடை ஆக்கும் வழக்கம் இருந்தது. பின்னர் அந்த ஒலி தேய்ந்துபோக, இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. 'ஃபாஸ்ட்லி' என்று இன்றைய ஆங்கிலத்தில் எழுதுவதில்லை. 'ஹார்ட்லி', 'லேட்லி' என்பன இருக்கின்றன, ஆனால் பொருள் வேறு. 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக் காலமாக.

மறுபக்கமும் உண்டு. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'கோஸ்ட்லி' எல்லாம் 'லி'யில் முடிந்தாலும் பெயரடைகளே. 'லி'யை நீக்கிப் பாருங்கள். மிஞ்சுவது பெயர்ச்சொல் என்றால் பெரும்பாலும் பெயரடை; மிஞ்சுவது பெயரடை என்றால் பெரும்பாலும் வினையடை. 'டெட்லி' இதற்கு அடங்காது, 'டெய்லி' இரண்டு பக்கமும் நிற்கும். ஆகவே இதை முழுதாக நம்பவும் வேண்டாம்.

உண்மையான சிக்கல் எங்கள் தமிழிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். அழகான பெண், அழகாகப் பாடினாள் என்று 'ஆன', 'ஆக' என இரண்டு உருபுகள் நமக்கு உண்டு. பெயருக்கு முன்னால் 'ஆன', வினைக்கு முன்னால் 'ஆக'. இது ஆங்கிலத்தோடு அழகாகப் பொருந்துகிறது, ஓரிடம் வரும்வரை. நாங்கள் 'அவள் சோகமாக இருக்கிறாள்' என்கிறோம். 'ஆக' வந்துவிட்டதே என்று பிள்ளைகள் 'ஷீ இஸ் ஸாட்லி' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலமோ அங்கே சோகத்தை அவளுக்கு ஏற்றுகிறது, இருத்தலுக்கு அல்ல. அதனால் 'ஸாட்' என்ற பெயரடையே வரவேண்டும். 'சூப் ருசியாக இருக்கிறது' என்பதும் அப்படித்தான்: 'தி சூப் டேஸ்ட்ஸ் குட்'.

'லுக்', 'ஃபீல்', 'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'சவுண்ட்', 'சீம்', 'பிகம்' போன்ற வினைகள் வந்தால் நான் ஒரு சோதனை செய்வேன். வினையை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வோஸ்' போட்டுப் பார்ப்பேன். பொருள் பெரிதாகக் கெடாவிட்டால் பெயரடை. 'ஹீ லுக்ட் ஆங்க்ரி' என்றால் அவர் முகத்தில் கோபம் தெரிந்தது. 'ஹீ வோஸ் ஆங்க்ரி' என்று மாற்றலாம். அவர் கோபத்தோடு கதவைப் பார்த்தார் என்றால், பார்த்தல் ஒரு செயல். அங்கே 'வோஸ்' போட்டால் வசனமே உடைந்துவிடும், ஆகவே 'ஆங்க்ரிலி'.

பிழை கண்டுபிடிக்கும் வினாக்களில் பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. பெயரடைக்கு முன்னால் நின்று அதன் அளவைச் சொல்லும் சொல்லும் வினையடையே. 'எக்ஸ்ட்ரீம் ஹை ப்ரைஸ்' பிழை, 'எக்ஸ்ட்ரீம்லி ஹை ப்ரைஸ்' சரி. விலையைச் சொல்வது 'ஹை'; எவ்வளவு உயர்வு என்பதைச் சொல்வது முன்னால் நிற்கும் சொல். கோடிட்ட சொல்லைப் பார்த்தவுடன் விடை தேடாமல், அது எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்று ஒரு அம்புக்குறி போட்டுப் பார்க்கும்படிதான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

ஆங்கிலேயரே இதில் ஒத்துப்போவதில்லை. 1997 இல் அப்பிள் நிறுவனம் 'திங்க் டிஃபரண்ட்' என்று விளம்பரம் செய்தபோது, 'டிஃபரண்ட்லி' அல்லவா வரவேண்டும் என்று இலக்கணம் பார்ப்பவர்கள் கேட்டார்கள். தொழிற்சங்கங்களின் 'கோ ஸ்லோ' போராட்டத்தை யாரும் 'கோ ஸ்லோலி' என்று திருத்துவதும் இல்லை. ஆனால் பரீட்சைத் தாளில் 'ஸ்லோ', 'ஸ்லோலி' இரண்டும் தெரிவுகளாக இருந்து, முன்னால் ஒரு செயல் வினை இருந்தால், 'ஸ்லோலி'க்கே கோடிடுங்கள்.