வார்த்ஹாக்: ஒரு விளையாட்டின் பாதையை மாற்றிய ஜீப்

ராணுவ வண்டிகளின் வரலாறு என்றால் பாட்டன் டாங்கி, வில்லிஸ் ஜீப் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். இந்தக் கட்டுரையின் நாயகனோ உலகத்தில் எந்த ராணுவத்திடமும் இல்லாத ஒரு வண்டி. ஹாலோ விளையாட்டு வரிசையில் வரும் வார்த்ஹாக்!

விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். முதல் ஹாலோவின் கதை 2552ஆம் ஆண்டில் நடக்கிறது. மனிதர்களுக்கும் கவனன்ட் என்ற வேற்றுக்கிரகக் கூட்டணிக்கும் போர். அதில் நம் பக்கத்து ராணுவ ஜீப்புதான் எம்12 வார்த்ஹாக். பெரிய பெரிய சக்கரங்கள், நான்கும் திரும்பும். கதவு கிடையாது. பின்பக்கம் மூன்று குழல் கொண்ட இயந்திரத் துப்பாக்கி. வார்த்ஹாக் என்பது ஆப்பிரிக்காவில் வாழும் ஒரு காட்டுப்பன்றியின் பெயர். வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இழுவைக் கொக்கிகளும் பன்றியின் கோரைப்பல் போலவே இருக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1991இல் சிகாகோவில் தொடங்கிய பஞ்சி என்ற நிறுவனம்தான் ஹாலோவை உருவாக்கியது. 1997இல் மித் என்ற போர் வியூக விளையாட்டை வெளியிட்டிருந்தார்கள். மேலிருந்து போர்க்களத்தைப் பார்த்து, படைகளுக்குக் கட்டளை போடும் வகை. ஹாலோவும் முதலில் அதே வகையில்தான் ஆரம்பித்தது. ஆனால் மேடு பள்ளங்களில் ஜீப் குதித்துக் குதித்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, கட்டளை போடுவதைவிடத் தானே ஓட்டினால் நன்றாக இருக்குமே என்று தோன்றிவிட்டது! கேமரா கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. வியூக விளையாட்டு சுடும் விளையாட்டாக மாறியது.

1999 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்ட் மேடையில் ஹாலோவை அறிமுகப்படுத்தியவர் யார் தெரியுமா? ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ்! ஆனால் 2000இல் மைக்ரோசாஃப்ட் பஞ்சியை வாங்கிவிட, 2001 நவம்பர் 15 அன்று எக்ஸ்பாக்ஸில்தான் விளையாட்டு வெளிவந்தது. நடக்கும்போது வீரனின் கண் வழியாகப் பார்க்கிறோம். வார்த்ஹாக்கில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கேமரா வெளியே வந்து முழு வண்டியையும் காட்டுகிறது. எந்த ஆசையில் இந்த விளையாட்டு பிறந்ததோ, அதை அங்கே இன்னும் பார்க்கலாம்.

இந்த வண்டியின் உண்மையான சிறப்பு அதன் இருக்கைகளில் இருக்கிறது என்பது என் கருத்து. மூன்று இடங்கள்: ஓட்டுபவர், பக்கத்தில் ஒருவர், பின்னால் துப்பாக்கிக்காரர். ஓட்டுபவரால் சுட முடியாது, சுடுபவரால் ஓட்ட முடியாது! தனி ஆளாக ஏறினால் பாதி வண்டிதான். முதல் விளையாட்டில் கணினி இயக்கும் வீரர்கள் ஏறி உட்கார்ந்து சுடுவார்கள், ஓட்ட மாட்டார்கள். 2004இல் வந்த ஹாலோ 2இல்தான் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். முதல் ஹாலோவில் இணையவழி ஆட்டமும் கிடையாது. ஒரே தொலைக்காட்சித் திரையை இரண்டாகப் பிரித்து நண்பனோடு கதையை ஆட வேண்டும், அல்லது நான்கு எக்ஸ்பாக்ஸ்களைக் கேபிளால் இணைத்துப் பதினாறு பேர் மோத வேண்டும். பள்ளத்தில் விட்டுக் கவிழ்த்தவனைத் திட்ட அவன் பக்கத்திலேயே இருப்பான்!

விளையாட்டுக்கு வெளியேயும் இந்த ஜீப் ஓடியது. 2003இல் தொடங்கிய ரெட் வெர்சஸ் புளூ என்ற இணையத் தொடரில், வண்டிக்கு ஏன் பன்றியின் பெயர் வைத்தார்கள் என்ற வாக்குவாதமே ஒரு பெரிய நகைச்சுவை. பீட்டர் ஜாக்சன் தயாரிக்கவிருந்த ஹாலோ திரைப்படத்துக்காக நியூசிலாந்தின் வேட்டா நிறுவனம் நிஜமாகவே ஓடும் ஒரு வார்த்ஹாக்கைக் கட்டியது. 2006இல் படம் நின்றுபோனது. அதை இயக்கவிருந்த நீல் புளோம்காம்ப் 2007இல் எடுத்த ஹாலோ குறும்படங்களில் அந்த வண்டி ஓடியது. அவர்தான் பிறகு 2009இல் டிஸ்ட்ரிக்ட் 9 எடுத்தவர்.

இனி வருத்தமான பகுதி. 2015இல் வந்த ஹாலோ 5இல் ஒரே திரையில் இருவர் ஆடும் வசதியை எடுத்துவிட்டார்கள். 2021இல் வந்த ஹாலோ இன்ஃபினிட்டின் கதைப் பகுதிக்கு அது வரும் என்று சொல்லி, 2022இல் கைவிட்டார்கள். வண்டியில் மூன்று இருக்கைகள் அப்படியே இருந்தன. வீட்டு சோஃபாவில்தான் பக்கத்து இடம் காலியானது. இணையத்தில் எங்கோ இருப்பவரோடு ஆடலாம்தான், ஆனால் வண்டி கவிழ்ந்ததும் இருவரும் ஒரே அறையில் சிரிக்கிற சிரிப்பு அதில் கிடைக்குமா?

2025 அக்டோபரில் முதல் ஹாலோவின் புதிய வடிவத்தை அறிவித்தபோது, திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியும் உண்டு என்றார்கள். ராணுவத்தில் வண்டிகள் பழசானால் ஏலத்துக்குப் போகும். இந்த வண்டிக்கு அந்தக் கவலை இல்லை நண்பர்களே, ஏறுவதற்கு இரண்டு பேர் இருந்தால் போதும்!